மயிலென்று தொங்கிய பட்டு

1.
இக்கதைக்கு மூலம் ஒரே வாக்கியம். ஜெர்மனியின் டிரெஸ்டனில் பழந்துணிகளைச் செப்பனிடும் ஆய்வாளர் கிரிஜா, பல்கலைக்கழக உணவகத்தில் தட்டை நகர்த்தியபடி சொன்னது: "டுசல்டோர்ஃப்ல ஒரு ஈழத் தமிழர் வீட்டுல, சீன அரண்மனைப் பட்டு சாமிக்குத் திரையாத் தொங்குது." எஞ்சியவை நான் சேர்த்தவை. நம்புவதும் நம்பாததும் வாசகர் உரிமை.

2.
முதல் தொடக்கம்: மஞ்சள் பட்டின்மீது பொன்னிழைப் பறவையொன்று சிறகு விரித்து, நூற்றாண்டுகளைக் கடந்து—

[கைவிட்டேன். இது அருங்காட்சியகக் குறிப்பின் குரல். அந்த வீட்டுச் சுந்தரேஸ்வரி அதைப் பட்டென்று பார்த்ததேயில்லை. அவருக்கு அது திரை.]

இரண்டாம் தொடக்கம்: அகதி விடுதியில் அறை கிடைத்த வசந்தத்தில், சுந்தரேஸ்வரியின் கணவர் கதிர்காமநாதன் ரைன் கரைப் பழம்பொருள் சந்தையில் ஒரு மயிலைக் கண்டார். தோகை நீண்ட பறவை; வேறென்னவாக இருக்க முடியும்? கதிர்காமத்தில் முருகனைத் திரைக்கு இப்பால் நின்றே வணங்குவர். சிறு வேலொன்றைச் சூட்கேசின்மேல் நிறுத்தி, முன்னே மயிலைத் தொங்கவிட்டதும் அந்த அறை வீடாயிற்று.

[இதை வைத்துக்கொள்கிறேன்.]

3.
சுந்தரேஸ்வரியின் மகளுக்குத் தோழி என்ற முறையில் மதிய உணவுக்கு வந்த கிரிஜா, கைகழுவித் திரும்புகையில் திரைமுன் நின்றுவிட்டார்.

"இது மயில் இல்ல, ஆன்ட்டி. ஃபீனிக்ஸ். ஏதோ ஒரு சீன ராணியோட அங்கியில இருந்து கட் பண்ணினது."

சுந்தரேஸ்வரி சோற்றுச் சட்டியை இறக்கி வைத்தார்.

"முருகன் இவ்வளவு காலமும் ஒண்டும் சொல்லேல்லையே, பிள்ளை."

4.
[கிரிஜாவை எதிராளியாக்கும் ஆசை எனக்கிருந்தது, கதை எளிதாகியிருக்கும். ஆனால் அவர் திருநீறு பூசிக்கொண்ட பிறகே பட்டைத் தொட்டார்.]

மடிப்புகளில் பட்டு இழை பிரிந்து கிழியத் தொடங்கியிருந்தது. டிரெஸ்டனில் சுத்தம் செய்து இருண்ட இழுப்பறையில் கிடத்தினால் பிழைக்கும்; இந்தப் புகையில் தாங்காது என்றார் கிரிஜா.

சுந்தரேஸ்வரியின் பார்வை கீழ்மூலைக்குப் போயிற்று. கற்பூரம் காட்டுகையில் தீ பட்டுவிடாதபடி கதிர்காமநாதன் இடக்கையால் அந்த மூலையைப் பிடித்துக்கொள்வார். சந்தனமும் கரியுமாக அவர் பெருவிரல் அங்கே பதிந்திருந்தது. அவர் காலமானது போன மார்கழியில்.

"கழுவினால் இதுவும் போயிடுமோ?"

"போயிடும், ஆன்ட்டி. விட்டா அந்தக் கறைதான் பட்டை முதல்ல அரிக்கும்."

"அப்ப இவர்தான் அதைத் தின்னுறார்." சுந்தரேஸ்வரி சிரித்தார். "சாப்பாட்டிலை ஒரு நாளும் குறை வைக்காத மனுசன்."

5.
முடிவுகள் இரண்டு எழுதினேன்.

(அ) பட்டு டிரெஸ்டன் போகிறது. வெள்ளிக்கிழமை, மறைப்பின்றி நிற்கும் வேலினை நேருக்கு நேர் பார்க்கக் கூசி, சுந்தரேஸ்வரி—

(ஆ) பட்டு அங்கேயே இருக்கிறது. இழையிழையாக உதிர்ந்து, கடைசியில் அந்த மூலையும்—

[இரண்டையும் முடிக்க இயலவில்லை. என்ன ஆயிற்று என்று கிரிஜாவிடம் கேட்டேன். வெள்ளிக்கிழமை கழித்துச் சொல்வதாக ஆன்ட்டி சொன்னாராம்.]

ஆகவே வெள்ளிக்கிழமை. சுந்தரேஸ்வரி கற்பூரம் ஏற்றுகிறார். இடக்கையால் மூலையைப் பிடிக்கிறார். அவருடைய பெருவிரல் சிறியது. கறை அதைச் சுற்றி வெளியே தெரிகிறது. கற்பூரம் அணைந்ததும் அவர் ஒரு முடிவு சொல்லியாக வேண்டும்.

அது இன்னும் எரிகிறது. திரைக்கு இப்பால், அவர் அருகில், வாசகரே, நீங்கள் நிற்கிறீர்கள்.