மனோகரன் வைத்த வாட்டம்

நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். மனோகரன் இருந்தார். நடுவில் அவர் தங்கை நீலா இருந்தாள். தம்பி டில்லிபாபு நின்ற இடத்தில் வெறும் கண்ணாடி மாதிரி ஃபிலிம். ஆள் மொத்தமாகக் காணோம்.

பதினோரு வருடமாகப் பேசாத அண்ணன் தம்பியைப் ஒரே படத்துக்கு நிறுத்த நீலா பட்ட பாடு திருவொற்றியூர் குப்பத்துக்கே தெரியும். அப்பாவின் படகு கல்லில் மோதிய அன்று சுக்கான் யார் கையில் இருந்தது என்பதுதான் சண்டை. படகு எப்போதோ விறகாகிவிட்டது. இவர்கள் வழக்குக்கு மட்டும் இன்னும் தீர்ப்பு வரவில்லை. வியாழக்கிழமை நீலா நர்ஸ் வேலைக்கு மஸ்கட் கிளம்புகிறாள். கொண்டுபோக அவள் கேட்டது இந்த ஒரு படம். செல்போனில் எடுத்தால் அன்றைக்கே ஒருத்தரை ஒருத்தர் படத்திலிருந்து வெட்டிவிட்டு ஸ்டேட்டஸ் வைப்பார்கள் என்று, ராயபுரத்தில் இன்னும் ஃபிலிமைக் கட்டிக்கொண்டு அழும் தன் தோழியிடம், அதாவது என்னிடம், அழைத்துவந்தாள்.

நான் எடுப்பது ஷீட் ஃபிலிம். படத்துக்கு ஒரு தாள், உள்ளங்கை அகலம். இருட்டில் அதை வளைத்து, வெளிச்சம் புகாத சின்ன டிரம்முக்குள் செருகி மூடிவிட்டால் பிறகு விளக்கைப் போட்டுக்கொள்ளலாம். படத்தை வரவழைக்கும் டெவலப்பர் மருந்தைக் கொஞ்சமாக ஊற்றி, டிரம்மைப் படுக்கவைத்து, மோட்டார் மேடைமேல் உருட்டிக்கொண்டே இருக்கவேண்டும். அந்த மேடையைச் செய்து தந்ததே படகு மெக்கானிக்கான மனோகரன்தான். டிரெய்லர் லாரியின் வைப்பர் மோட்டார், நாலு உருளை, வெல்டிங் அடித்த இரும்புக் கால்கள். இதுதான் அதன் முதல் ஓட்டம். அன்பாகச் செய்து தந்ததை யாராவது அளந்து பார்ப்பார்களா? நான் பார்க்கவில்லை, மடச்சி.

விஷயத்தைச் சொன்னதும் நீலா இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"அவன் செஞ்ச பொட்டி இல்ல? வேணும்னே என்ன அழிச்சிகிறான்," என்று டில்லிபாபு சுவரிடம் சொன்னார்.

"நீலா, அவன்கிட்ட சொல்லு. அவன அழிக்கறதுக்கு வெல்டிங் ராடு வேஸ்ட் பண்ற ஆளு நானு இல்ல," என்றார் மனோகரன்.

கீழ்வீட்டு மேஸ்திரியிடம் ரசமட்டம் வாங்கிவந்து மேடைமேல் வைத்தேன். குமிழி ஓரத்துக்கு ஓடியது. மேடை ஒரு பக்கம் விரல் அகலத்துக்கு இறங்கியிருந்தது. டெவலப்பரெல்லாம் அங்கேயே தேங்கி, டில்லிபாபு பக்கம் சொட்டுகூட எட்டவில்லை.

"ஏண்ணே இப்டி சாய்ச்சு வெச்சீங்க?"

"பின்ன? தண்ணி பொழங்குற மேடைம்மா. வாட்டம் வெக்காம?"

"இது இன்னா உங்க படகுத் தளமா? கொஞ்சமாவது அறிவு வேணாமா?" என்று கத்திவிட்டேன்.

"இன்னாம்மா பேசுற நீ?" டில்லிபாபு என்மேல் பாய்ந்தார். "வாட்டம் இல்லாம எவனாவது தளம் போடுவானா? தண்ணி நின்னா துரு ஏறி கலீஜாப்பூடும். அவன் செஞ்சது கரீட்டு!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. முகம் கறுத்துவிட்டது. மனோகரன் உருளையைத் துடைக்க ஆரம்பித்தார், அது ஏற்கனவே சுத்தமாகத்தான் இருந்தது.

நல்லவேளை, அன்றைக்கு இரண்டு தாள் எடுத்திருந்தேன். மிச்சம் ஒன்று. அதுவும் போனால் இவர்களை மறுபடி நிறுத்த அந்தக் கடவுளே வந்தாலும் முடியாது. தாழ்ந்த காலுக்கு அட்டை மடித்துக் கொடுத்து, வெறும் தண்ணீரில் ஓட்டிப் பார்த்தேன். மோட்டார் உதறிய உதறலில் அட்டை இரண்டு தடவை நழுவியது.

"ஆளுக்கு ஒரு பக்கம் புடிங்க," என்றாள் நீலா. ஆஸ்பத்திரியில் நோயாளிகளை அதட்டும் குரல். இரண்டு பேரும் பிடித்தார்கள்.

குளியலறை இருட்டில் ஃபிலிமை டிரம்மில் செருகிக்கொண்டு வந்தேன். டெவலப்பர் ஊற்றி மோட்டாரைப் போட்டேன். ஏழு நிமிடம்.

"தூக்கு," என்றார் மனோகரன்.

"யார சொல்ற?"

"உன்னத்தான்டா. ரவ தூக்கு."

"ஐய, நீ எறக்குண்ணா!"

குமிழி நடுவில் வந்து நின்றது. நீலா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நானும் கடிகாரத்தைப் பார்க்கிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

ஏழு நிமிடம் முடிந்து, டெவலப்பரை வடித்துவிட்டு, வந்த படத்தை நிலைக்கவைக்கும் ஃபிக்ஸர் ஊற்றினேன். அதற்கு இந்த மேடை தேவையில்லை, டிரம் நிறைய ஊற்றிக் கையால் ஆட்டினாலே போதும். ஆனாலும் மேடையில் வைத்தேன். பிறகு குளியலறைக்கு எடுத்துப்போய்த் திறந்து பார்த்தேன். மூன்று பேரும் இருந்தார்கள். டில்லிபாபுவின் முறைப்புகூடச் சுத்தமாக விழுந்திருந்தது.

டிரம்மை மூடி, தண்ணீர் ஊற்றிக் கொண்டுவந்து மறுபடி உருளைமேல் வைத்தேன்.

"எல்லாரும் வந்துட்டீங்க. ஆனா கழுவணும். அரைமணி ஆகும். மட்டம் ரொம்ப முக்கியம்," என்றேன்.

"கை வலிக்கிதாண்ணா?" என்றார் டில்லிபாபு.

"உன் பக்கத்த பாருடா."

நான் ஃபிலிமைக் குழாயடியில் கழுவுவதை நீலா எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அரைமணி போதுமா, ஷெர்லின்?" என்றாள்.