பலகை இடுக்கில் வெள்ளை

டிவி அலமாரியை இடுப்பால் முட்டி முட்டி நடீன் சுவரைவிட்டு நகர்த்தினாள். அதன் பின்னால் இருந்த பலகைத் தட்டிகள் மட்டும் புகை படாமல் தேன் நிறத்தில் பளபளத்தன. அந்த டிரெய்லர் வீட்டின் மற்ற சுவர்களெல்லாம் கழுவாத காப்பிக் கோப்பையின் உட்புறம்போல இருந்தன. மண்டியிட்டு உப்புத்தாளை வைத்தபோதுதான் கவனித்தாள். தட்டியில் மேலிருந்து கீழாக ஓடும் கோடுகளின் பள்ளத்தில், நூல் மாதிரி, வெள்ளை. நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். வரவில்லை.

"இங்க எப்பப்பா வெள்ளை அடிச்சீங்க?"

அறை நடுவே, சாய்வு நாற்காலியில், மார்வரை போர்வை இழுத்துக்கொண்டு ஹார்லன் கிடந்தார். அறுபது வருடம் சிகரெட் ஊதியதில் நுரையீரல் போய்விட்டது. ஒரு வாக்கியத்துக்கு இரண்டு தடவை மூச்சு வாங்க வேண்டும். நாக்கு மட்டும் ஆரோக்கியமாக இருந்தது.

"நானா? உங்கம்மா அடிச்சா."

ஆகஸ்டில் அம்மா அடேல் இறந்த பிறகு அப்பாவைப் பார்த்துக்கொள்ள இந்தியானாவுக்குத் திரும்பி வந்தவள் நடீன். அம்மா போனில் பேசும்போதெல்லாம் ஒன்றே ஒன்றைத்தான் கேட்பாள். "இந்தச் சுவரை ஒரு தடவை வெள்ளையா பாத்துட்டா போதும்டி. சவப்பெட்டிக்குள்ள உக்காந்திருக்கற மாதிரியே இருக்கு." நடீன்தான் வருடா வருடம் அடுத்த கோடையில் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அம்மா அடிச்சாங்களா? நான் பாத்ததே இல்லையே."

"நீ எப்படிப் பாப்ப? ஸ்கூலுக்குப் போயிருந்த." ஹார்லன் மூச்சு வாங்கினார். சிரிப்பு வந்ததால் கூடுதலாக வாங்கினார். "ஷிஃப்ட் முடிஞ்சு வரேன், கடைசித் தட்டியில பிரஷ்ஷோட நிக்கறா. அழகா இருக்கான்னு கேட்டா. ரொம்ப அழகா இருக்கு, நீ முடின்னேன். முழுசா முடிக்கற வரைக்கும் உக்காந்து பாத்தேன். அப்புறம் சமையக்கட்டுக் கத்தியைக் கையில குடுத்தேன். சுரண்டி எடு, பொண்ணு பஸ் வர்றதுக்குள்ள சுவர் பழையபடி இருக்கணும்னு சொன்னேன்."

அப்போது நடீனுக்கு ஒன்பது வயதிருக்கும். அன்று அம்மாவின் வலது கையில் மூன்று விரல்களுக்குத் துணி சுற்றியிருந்தது. டப்பா மூடி கிழித்துவிட்டது என்றாள். இடது கையாலேயே சூப்பைக் கிண்டிப் பரிமாறினாள். அப்பா அன்று வழக்கத்துக்கு மாறாக உற்சாகமாக இருந்தார், நடீனோடு சீட்டு விளையாடினார். அந்தச் சாயங்காலத்தை நல்ல சாயங்காலம் என்றுதான் நடீன் இத்தனை வருடமாக நினைத்திருந்தாள்.

"அழுதாங்களா?"

"அழலை. அதான் எனக்கு எரிச்சல். அழுதிருந்தா பாதியிலயே விட்டிருப்பேன்."

நடீன் எழுந்தாள். முழங்கால் சொடுக்கியது. நேற்று அவள் அடித்த பக்கவாட்டுச் சுவரில் அதற்குள் மஞ்சள் கசிந்து, வெள்ளையெல்லாம் வியர்த்த சட்டைபோல ஆகியிருந்தது. அப்பாவின் மூச்சுக்கு ஆகாதே என்று வாசனையில்லாத அடிப்பூச்சுப் பிரைமராகப் பார்த்து அடித்திருந்தாள்.

ஹார்லனும் அதைப் பார்த்தார். "என்ன, முழிக்கற? அறுபது வருஷம் நான் ஊதினதுடி. உன் ஒரு வாளியில போயிடுமா? உங்கம்மாவுக்கும் கை ராசியில்ல, உனக்கும் இல்ல."

வாசல் படிக்கட்டுக்குக் கீழே இன்னொரு பிரைமர் டப்பா இருந்தது. புகைக்கறையை இது ஒன்றுதான் அமுக்கும் என்று கடைக்காரர் கொடுத்தது. நெடி ஆளைத் தூக்கும், சன்னல் கதவெல்லாம் திறந்து வை, சீக்காளி இருந்தால் இரண்டு நாள் வேறு வீட்டில் விட்டுவிடு என்று இரண்டு தடவை சொல்லியிருந்தார்.

அவள் டப்பாவை எடுத்து வந்தாள். அப்பா பிடித்துக்கொண்டு நடக்கும் நடைச்சட்டத்தை, பெயிண்ட் தெறிக்கும் என்று சொல்லி, படுக்கையறையில் கொண்டுபோய் வைத்தாள். வாசற்கதவைச் சாத்தினாள். ஒவ்வொரு சன்னலாகப் போய்க் கொண்டி மாட்டினாள். மூடியை நெம்பியதும் நெடி குப்பென்று எழுந்தது. அவளுக்கே கண்ணில் நீர் முட்டியது.

"என்ன எழவுடி இது?"

"கறை போகணும்ல அப்பா."

முதல் தட்டியை அவசரமில்லாமல் அடித்தாள். பள்ளங்களில் பிரஷ் நுனியை இறக்கி, மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு. இரண்டாவது தட்டியில் அவர் இரும ஆரம்பித்தார். நான்காவதில் திட்டுவது நின்றது.

"சன்னலைத் தொற."

"காத்து வந்தா தூசி ஒட்டிக்கும்ப்பா. இன்னும் கொஞ்சந்தான்."

ஐந்து. ஆறு. நாற்காலியை நிமிர்த்தும் நெம்புகோல் கிறீச்சிட்டது. எழப் பார்க்கிறார். மறுபடி சரியும் சத்தம் கேட்டது.

"நடீன்." விசில் போல ஒரு மூச்சு. "தயவுசெஞ்சு."

அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து அவள் கேட்டதில்லை. அம்மாவும் கேட்டிருக்க மாட்டாள். பிரஷ் ஒரு கணம் நின்றது. பிறகு டப்பாவுக்குள் இறங்கியது.

சன்னலுக்கு வெளியே பக்கத்து டிரெய்லர்காரி ஓப்பல் வெயிலில் போர்வை உலர்த்திக்கொண்டிருந்தாள். கண்ணாடி வழியே வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டு, பிரமாதம் என்பதுபோல இரு கைகளையும் தூக்கினாள். நடீனும் சிரித்தபடி பிரஷ் பிடித்த கையை உயர்த்தி ஆட்டினாள். பிரைமர் மணிக்கட்டில் இறங்கி, முழங்கை வரை மெல்ல வழிந்துகொண்டிருந்தது.