திறக்கத் தேவையில்லை

குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், முன்பின் தெரியாத வெள்ளைக்காரர் ஒருவர் எங்கள் சோபாவில் இருக்கிறார். சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, என் மகளை மடியில் வைத்து ஏதோ பாடிக்கொண்டிருக்கிறார். அறை முழுக்கக் குடிவாடை. மகளுக்கு அப்போது ஏழு மாதம். அவருடைய தாடியைப் பிடித்து இழுத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். தலையில் துவாயோடு நின்ற என்னைப் பார்த்த பிறகுதான் மாடி மாறி வந்துவிட்டது அவருக்கு உறைத்தது. தன் வீடு இதற்கு நேர் மேலே என்றார், கதவு திறந்து கிடந்தது என்றார், குழந்தை அழுதது என்றார். திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டுக்கொண்டே சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு போனார். நல்ல மனிதர்தான். வந்தவர் நல்ல மனிதராக இருந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

அந்தக் கதவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரொறன்ரோவில், டோர்செட் பார்க்கில் ஒன்பதாம் மாடியில் எங்கள் வீடு. குடிவந்து ஒன்றரை வருடம். அதற்குள் ஒரு நாளாவது அது பூட்டப்பட்டதில்லை. என் கணவர் நவரட்ணத்துக்குப் பூட்டு ஆகாது. தாழ்ப்பாளில் கை வைத்தால் அவருக்கு வியர்த்துக் கொட்டும். நான் பிடிவாதமாகப் பூட்டினால், எழும்பிப் போய்த் திறந்துவிட்டுக் கதவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு விடியும்வரை இருப்பார், பிறகு அப்படியே தொழிற்சாலைக்குப் போவார். முதலிரவில் அறைக்கதவை அகலத் திறந்து வைத்த மாப்பிள்ளை யாழ்ப்பாணத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருப்பார். சித்திரை மாதம், மனுசனுக்குப் புழுக்கம் போல என்று நினைத்தேன். கனடாவுக்கு வந்து தை மாதத்திலும் அதே கூத்து நடந்தபோதுதான் இது வேறு என்று விளங்கியது. எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் கொழும்பில் தம்பி அன்புராசாவைப் பறிகொடுத்தவர் என்பது எனக்குத் தெரியும். அதற்கு மேல் ஒரு சொல் கேட்டாலும் எழுந்து போய்விடுவார்.

அன்று வேலையால் வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுத்து, நடந்ததைச் சொல்லிவிட்டுக் கடைசியாகச் சொன்னேன்.

“மூண்டு மாதம் முடியிறதுக்குள்ள உந்தக் கதவு பூட்டுப்பட வேணும். இல்லாட்டி நான் பிள்ளையைக் கொண்டு பிக்கரிங்குக்கு அண்ணை வீட்டை போயிடுவன்.”

“ஓம்” என்றார். பிள்ளையைத் தூக்கி முகர்ந்து பார்த்தார். வேறொருவரின் வாடை இன்னும் அவளில் இருந்ததோ என்னவோ, அவர் முகம் கறுத்துவிட்டது. அவர் மாட்டேன் என்று சொல்லியிருந்தால் நான் சண்டை பிடித்திருப்பேன். அந்த ‘ஓம்’ சண்டைக்கு இடம் வைக்கவில்லை. நான் போகப்போகிறேன் என்பதை அவர் எப்போதோ எதிர்பார்த்துவிட்டார் என்று தெரிந்தது. எனக்கோ போக விருப்பமே இல்லை. மனுசன் மேல் எனக்குக் கொள்ளை ஆசை.

நான் வேலை செய்த முதியோர் இல்லத்துச் சமையலறைக்கு டொக்டர் கெர் தேநீர் குடிக்க வருவார். அறுபது தாண்டிய பெண்மணி, மனநோய் வைத்தியர், கிழவர்களைப் பார்க்க வருகிறவர். ஒருநாள் நான் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் சாய்ந்து நின்றபடியே தூங்கியதைப் பார்த்துவிட்டு, வீட்டில் என்ன பிரச்சினை என்று கேட்டார். கேட்டவுடன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். எங்கள் ஆட்கள் யாரிடமும் நான் சொல்லாத கதை அது.

என் கணவரைக் கூட்டிவரச் சொல்லி, பல வாரங்கள் அவரோடு சும்மா கதைத்தார். பிறகு ஒருநாள் எங்கள் இருவரையும் இருத்தி, ஒரு மருந்து இருக்கிறது என்றார். வயதில் இளையவராக இருந்தபோது சஸ்கச்சுவானில் ஓர் ஆஸ்பத்திரியில், விழித்திருக்கும்போதே கனவு காட்டும் மருந்தொன்றைக் குடிகாரர்களுக்குக் கொடுத்து, நாள் முழுக்கப் பக்கத்தில் இருந்து பார்த்தவராம். சிலர் குடியை விட்டு எழுந்து போனார்கள், சிலர் பயந்து இன்னும் கெட்டுப்போனார்கள், சில டொக்டர்மாருக்குத் தாங்களே கடவுள் என்ற எண்ணம் வந்துவிட்டது என்றார். இது அதைவிட மென்மையானது, பயத்தைக் கொஞ்ச நேரத்துக்குத் தள்ளி நிற்க வைக்கும். இங்கே சட்டம் இதற்கு இடம் கொடுக்காது, அமெரிக்காவிலும் போன வருடம் தடை செய்துவிட்டார்கள், தன்னிடம் இருப்பது முந்தி வந்ததில் மிச்சம். பிடிபட்டால் தன் தொழில் போகும், உங்கள் கடதாசிகளுக்கும் பங்கம் வரலாம், போய் யோசியுங்கள் என்றார். எங்கள் அகதி வழக்கு அப்போது முடிந்திருக்கவில்லை. நான் யோசித்தேன். என் கணவர் யோசிக்கவில்லை.

இன்னொரு சிக்கலும் இருந்தது. அந்த மருந்தில் ஆட்கள் தாய்மொழிக்குத்தான் போவார்கள், ஆகவே தமிழ் தெரிந்த, உறவில்லாத அந்நியர் ஒருவர் கூட இருக்க வேண்டும் என்றார் டொக்டர். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டோம். அந்த நாளில் ரொறன்ரோவில் தமிழ் தெரிந்த அந்நியர் என்று ஒருவர் இல்லை. சனிக்கிழமை ஒருவருக்குச் சொன்னது ஞாயிற்றுக்கிழமை எல்லார் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கும் வந்துவிடும். கடைசியில் நானே இருப்பதென்று ஆனது.

மில்லிக்கனில் டொக்டரின் வீடு. சனிக்கிழமை காலை. பிள்ளையை அருள்நாயகத்திடம் விட்டுவிட்டுப் போனோம். அருள்நாயகம் எங்கள் ஹோலில் வாடகைக்கு இருந்தவர். முப்பது முப்பத்தொரு வயது, இரண்டு உணவகங்களில் கோப்பை கழுவுகிற வேலை, ஊரில் மனைவியும் மகனும். டொக்டர் என் கணவருடைய நாடியையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்துவிட்டு ஒரு வில்லையைக் கொடுத்தார். இன்னொரு சின்ன வில்லையைக் கிண்ணத்தில் வைத்து, நடுவில் தேவைப்பட்டால் மட்டும் இது என்றார். ஒரு மணித்தியாலம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவர் முகம் மெல்ல இளகியது. கலியாணப் படத்தில்கூட அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

அவர் கண்ணை மூடிக்கொண்டு தமிழில் சொன்னார். கொழும்பு வெள்ளவத்தையில் வீட்டுக்கார அம்மா, சிங்கள மனுசி, இவரைப் பின்பக்கச் சாமான் அறைக்குள் விட்டு, உள்ளே தாழ்ப்பாளைப் போடு, யார் தட்டினாலும் திறக்காதே என்று சொல்லியிருக்கிறா. கொஞ்ச நேரத்தில் கதவைத் தட்டும் சத்தம். ‘அண்ணை, நான் அன்பு, திற.’ தூரத்தில் ஆட்கள் கத்துகிறார்கள். இவர் கை தாழ்ப்பாளில் இருந்தது.

“கை அசையேல்ல வதனா” என்றார். “நான் திற திற எண்டு சொல்லுறன், கை கேக்குதில்லை. அவன் ரெண்டாந்தரமும் தட்டினவன். பிறகு தட்டேல்ல.”

டொக்டர் என்னைப் பார்த்தார். எனக்கு இங்கிலீசில் ஒரு சொல் வரவில்லை. பரவாயில்லை, விளங்குகிறது என்பதுபோலத் தலையாட்டிவிட்டு, அவருடைய கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். “நான் இங்கேதான் இருக்கிறேன், எங்கேயும் போகவில்லை” என்று அவ்வப்போது சொன்னார். அன்று டொக்டர் பேசியதெல்லாம் அவ்வளவுதான். என் கணவர் அழுதார், நானும் அழுதேன். பிறகு, “பாவம் இந்தக் கை, நல்லாப் பயந்திட்டுது” என்று தன் கையையே பார்த்துச் சொன்னார். பின்னேரம் தோட்டத்துப் பனியில் நடந்தபோது தம்பியைப் பற்றிப் பகிடிக் கதைகள் சொன்னார். அன்புராசா என்பவர் அன்றுதான் எனக்கு மச்சானானார்.

அடுத்த இரண்டு வாரமும் எங்கள் வீட்டில் திருநாள். மனுசன் சமைத்தார், பிள்ளையைக் குளிப்பாட்டினார், நன்றாகத் தூங்கினார். ஆனால் கதவு திறந்தபடியேதான் கிடந்தது. நான் வாய் திறக்கவில்லை. மூன்றாம் வாரம் நாற்காலி மறுபடி கதவடிக்குப் போனது. கிழமைக்கொரு தடவை வந்து கதைக்கும்படி டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தும் இவர் போகவில்லை.

“கதைக்கிறதுக்கு என்னத்துக்கு டொக்டர்? மருந்தை இன்னொருக்காத் தந்தாச் சரி” என்றார். அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது. பூட்டாத கதவோடு இப்போது ஒரு வில்லையும் சேர்ந்துகொண்டதா என்று யோசித்தேன். பிக்கரிங்குக்குத் தொலைபேசி எடுத்து, அண்ணியிடம் அறையை ஒதுக்கி வைக்கச் சொன்னேன். வருகிற ஞாயிறோடு நான் சொன்ன மூன்று மாதம் முடிகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு கீழே உடுப்புத் தோய்க்கப் போனேன். கூடையோடு திரும்பி வந்தால், குளியலறை உள்ளே பூட்டியிருக்கிறது. தண்ணீர் ஓடுகிறது. உள்ளே அருள்நாயகம் பல் கிடுகிடுக்க அழுகிற சத்தம். வெளியே என் கணவர் சுவரோடு சுவராக நிற்கிறார்.

“என்ன நடந்தது?”

“அந்தச் சின்னக் குளிசையைக் குடுத்தனான்.”

டொக்டர் கிண்ணத்தில் வைத்த அந்த இரண்டாவது வில்லை. அன்று தேவைப்படவில்லை. எங்கள் ஆட்கள் மருந்தை வீணாக்குவார்களா? ஒரு வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் குளிசை கொடுத்தால், அது பக்கத்து வீட்டுக் காய்ச்சலுக்கும் சேர்த்துத்தான். எனக்கும் நித்திரை இல்லையே என்று எனக்காக எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்து வந்தாராம். தர மறந்துபோனாராம். ஊரில் இருந்து இரண்டு மாதமாகக் கடிதம் இல்லை என்று அருள்நாயகம் இன்று சாப்பிடாமல் குந்தியிருக்க, பனடோல் கொடுப்பதுபோல எடுத்துக் கொடுத்துவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் கூடையை எறிந்திருப்பேன். எனக்காக எடுத்ததாகச் சொன்ன பேச்சு என் கையைப் பிடித்துவிட்டது.

டொக்டருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் மளமளவென்று கேட்டார். இதய வருத்தம் உண்டா, குடித்தாரா, வேறு குளிசை எடுத்தாரா, கேட்டால் பதில் சொல்கிறாரா. இப்போதே காரில் புறப்படுவதாகவும், அதற்குள் பதில் நின்றால் உடனே அம்புலன்சைக் கூப்பிட வேண்டும், அப்போது தன்னைப் பற்றி யோசிக்கக் கூடாது என்றும் சொன்னார். எங்கள் கடதாசிகளைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

“அண்ணை” என்றார் அருள்நாயகம் உள்ளே இருந்து. “வெளியில ஆரோ நிக்கினம். நான் திறக்கமாட்டன்.”

குளியலறைப் பூட்டு ஒரு காசை வைத்துத் திருகினால் வெளியிலிருந்தே திறக்கும். நான் காசை எடுத்து வந்தேன். என் கணவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். அவர் கை ஐஸாகக் குளிர்ந்திருந்தது.

“வேண்டாம். அவன் தானாத் திறக்கட்டும்.”

பிறகு மெல்லத் தரையில் குந்தி, முதுகைக் கதவோடு சாய்த்துக்கொண்டார். நெற்றியில் வியர்வை ஓடியது.

“அருள், நான் நவம். இஞ்சதான் இருக்கிறன்.”

உள்ளே சத்தம் இல்லை.

“அருள், கேக்குதே?”

“ஓம் அண்ணை.”

“நீ திறக்கத் தேவையில்லை. பயமெண்டாத் திறக்காத. அதில பிழை இல்லை. நான் எங்கையும் போகேல்ல.”

நான் பிள்ளையை அணைத்தபடி சமையலறை வாசலில் நின்றேன். அதையே அவர் மறுபடி மறுபடி சொன்னார். இடையில் பதில் வருகிறதா என்று கூப்பிட்டுப் பார்த்தார். திறக்கத் தேவையில்லை, அதில் பிழை இல்லை. முதலில் அருள்நாயகத்துக்குச் சொல்கிறார் என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். போகப் போக அவர் குரல் மாறியது. கண்ணீர் தாடையில் இறங்கியும் துடைக்கவில்லை. எந்தக் கதவுக்கு எந்தப் பக்கத்தில் இருந்து அவர் பேசுகிறார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் அவர்கள் இருவருக்கும் இடையில் போகவில்லை.

உள்ளே தண்ணீர் நின்றது. “அண்ணை, குளிருது” என்றார் அருள்நாயகம். கொஞ்சம் பொறுத்துப் பூட்டுத் திரும்பியது. கதவு உள்ளே போக, சாய்ந்திருந்த என் கணவர் மல்லாக்கக் குளியலறைக்குள் விழுந்தார். நனைந்த ஆள் மேலே நின்று, விழுந்த ஆளைப் பார்த்து, “அண்ணை, என்ன செய்யிறியள்?” என்றார். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

டொக்டர் வந்து நாடி பார்த்தார், கண்ணுக்கு வெளிச்சம் அடித்தார், போர்வையைச் சுற்றிப் பக்கத்திலேயே இருந்தார். இருட்டும்போது அருள்நாயகம் கஞ்சி குடித்துவிட்டு, மகன் நடக்கத் தொடங்கிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். போகும்போது டொக்டர் என் கணவரைக் கூப்பிட்டார். கிண்ணத்தைத் தான் பார்க்காமல் விட்டது பெரிய பிழை என்றார். தன் வீட்டில் மிச்சம் இருப்பதை இன்றே கொட்டிவிடப்போவதாகவும், இனி இந்த மருந்து இல்லை என்றும் சொன்னார்.

“வியாழக்கிழமை வாருங்கள். கதைக்க மட்டும்.”

“வாறன்” என்றார் என் கணவர். இந்த முறை ஓம் என்று சொல்லவில்லை.

அருள்நாயகம் சோபாவில் தூங்கிப்போனார். அறைக்குள் என் சூட்கேஸ் பாதி அடுக்கியபடி கிடந்தது. அதைப் பார்க்காததுபோல, குப்பை வாளியை எடுத்துக்கொண்டு நடைபாதைக் கடைசியில் இருந்த குப்பைக் குழாய்க்குப் போனேன். ஒவ்வொரு கதவின் பின்னாலும் ஒவ்வொரு கறி வாசனை. கொட்டிவிட்டுத் திரும்பி வந்து கைப்பிடியைத் திருகினேன். திரும்பவில்லை. இறுகிவிட்டதாக்கும் என்று இன்னொரு தடவை திருகினேன். பிறகுதான் விளங்கியது, கதவு பூட்டியிருக்கிறது.

சாவி உள்ளே ஆணியில் தொங்குகிறது. எனக்கு அது ஒருநாளும் தேவைப்பட்டதில்லை. தட்டுவதற்குக் கையைத் தூக்கினேன், தட்டப் பயமாக இருந்தது. பூட்டிய கதவில் தட்டும் சத்தம் அவருக்கு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் தட்டாமல் நின்றால் அதைவிட மோசம் என்று பட்டது. மெல்லத் தட்டினேன்.

“நான் வதனா.”

உள்ளே நாற்காலி நகர்ந்தது. செருப்புச் சத்தம் கதவுவரை வந்து நின்றது. அவர் மூச்சு எனக்குக் கேட்டது.

“நில்லும்” என்றார். “திறக்கிறன்.”

தாழ்ப்பாள் ஒருமுறை அசைந்து நின்றது. வெறும் வாளியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன். அது மறுபடி அசைந்தது.