சுட்டுவிரலில் மூன்று சுற்று

குருசுமுத்துவுக்குத் தூண்டில் தடி பிடிக்காது. அந்த விசரன் அன்றைக்குத் தடியைப் பிடித்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. இத்தனை வருசமாக என்னை நான் திட்டிக்கொண்டும் இருந்திருக்கமாட்டேன்.

எண்பத்தைந்தாம் ஆண்டு, செப்டெம்பர், சனிக்கிழமை மத்தியானம். அகதியாய் வந்து சேர்ந்த குளிர்நாட்டில், இக்காஸ்ட் என்ற சிறு ஊரில், ஒரே வீட்டில் அடுத்தடுத்த அறைகளில் இருந்தோம். அவன் குருநகர்க் கடற்காரன். நான் சண்டிலிப்பாய், எனக்கு மீன் என்றால் சட்டிக்குள் கிடப்பதுதான். அந்த வாரம் ஒரு தையல் தொழிற்சாலையில் இருந்த ஒரேயொரு இடத்துக்கு எங்கள் இரண்டு பேரையும் தைத்துக் காட்டச் சொன்னார்கள். கிழிந்த வலை பொத்திப் பழகிய அவன் விரல்கள் மெசினில் ஓடிய ஓட்டத்தைப் பார்த்துப் போர்மன் வாய் பிளந்தான். வேலை அவனுக்கு. திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு வரவேண்டும். அவன் வராவிட்டால் நான், அதையும் தெளிவாகச் சொன்னார்கள். வேலை கிடைத்ததும் மனைவியை ஊரிலிருந்து கூப்பிடலாம் என்று இரண்டு பேருமே காத்திருந்தோம். அவனுக்கு மேரிகிறேஸ், எனக்கு ராசமலர். இரண்டு பேரும் அங்கே செல்லடிக்குள் இருந்தார்கள்.

வேலை கிடைத்த புளுகத்தில் அவன் மீன் பிடிக்க வெளிக்கிட்டான், துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு. பக்கத்து வீட்டு ஐனார் கிழவர் எங்களைக் காரில் சில்கபோர்ப் பக்கத்து ஏரிக்குக் கொண்டுபோய், தன் வள்ளத்தைத் தந்துவிட்டுக் கரையில் கோப்பியோடு குந்தினார். தூண்டிலும் அவருடையதுதான், அமெரிக்காவில் இருக்கும் தமையன் அனுப்பியது. வளைந்த கம்பி ஒன்று, அதன் கீழ்க்காலில் ஈயக்கட்டி. கம்பியின் நுனி ஏரியின் அடியைத் தட்டித் தட்டி நடக்கும். பின்னால் ஒரு பாகம், ஆறடி நீளத் தங்கூசி நூலில் புழுக் குத்திய கொக்கி, தரையில் படாமல் வரும். அமெரிக்காவில் வாலாய் என்ற மீனை இப்படித்தான் பிடிக்கிறார்களாம். இங்கே அதன் ஒன்றுவிட்ட சகோதரன், சான்டார்ட் என்ற மீன், இருக்கிறது.

குருசு தடியைக் கழற்றி வள்ளத்துக்குள் எறிந்தான். தன்னுடைய தடித்த தங்கூசியில் அந்தக் கம்பியைக் கட்டி, மறுமுனையை வலது சுட்டுவிரலில் மூன்று சுற்றுச் சுற்றினான்.

"அந்த மனுசன் தடியைத் தந்தது கொடி கட்டவே?" என்று கேட்டேன்.

"தடியிலே மீன் தட்டுறது எப்பிடியடா தெரியும்? விரல்தான் எங்களுக்குக் கண். நீ வாயை மூடிக்கொண்டு துடுப்பைப் போடு, தவம்."

முதல் மீன் அரை மணித்தியாலத்தில் வந்தது. கண்ணாடிக் கண்ணும் முள் நிமிர்ந்த முதுகுமாய் நல்ல மீன். அவன் சிரித்த சிரிப்பில் எனக்கு வயிறு எரிந்தது. ஓம், எரிந்ததுதான்.

பிறகு மேற்கிலிருந்து காற்றுக் கிளம்பியது. வள்ளம் ஓடத் தொடங்கியது. என் துடுப்பு தண்ணீரை அளைந்ததே தவிர வேறொன்றும் செய்யவில்லை. திடீரென்று குருசு முன்னால் குப்புற விழுந்தான். அடியில் அமிழ்ந்து கிடந்த மரத்தின் கிளைக் கவரில் ஈயக்கட்டி செருகிவிட்டது. வள்ளத்தைக் காற்று இழுக்க, தங்கூசி விறைத்தது. அவன் கை விளிம்புக்கு வெளியே நீண்டு நின்றது. மூன்று சுற்றும் சதைக்குள் இறங்கின.

"வள்ளத்தைத் திருப்படா! திருப்பு!"

திருப்பத் தெரிந்தால் திருப்பமாட்டேனா! இடப்பக்கத் துடுப்பை இழுத்தேன். வள்ளம் இன்னும் விலகியது. அவன் அலறினான்.

"கத்தி! காலடியிலே கிடக்கு! வெட்டு, தவம், வெட்டு!"

ஐனாரின் மீன் கத்தி என் சப்பாத்தோடு கிடந்தது. எடுத்தேன். தங்கூசி என் முகத்துக்கு நேரே அதிர்ந்துகொண்டு நின்றது. ஒரு இழுப்பு, முடிந்துவிடும். விரல் நீலமாகிக்கொண்டிருந்தது. அந்த விரல் போனால் திங்கட்கிழமை ஆறு மணி என்னுடையது என்று ஒரு நினைப்பு வந்தது. ராசமலர் விமானத்தால் இறங்கி வருவது தெரிந்தது. சத்தியமாய்ச் சொல்கிறேன், தெளிவாய்த் தெரிந்தது.

எத்தனை நேரம் நின்றேன்? ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுகிற நேரம். நாலாவதில் வெட்டினேன்.

வள்ளம் துள்ளியது. அவன் மல்லாக்க விழுந்தான். விரலைச் சுற்றி ரத்தம், நடுவில் வெள்ளையாய் எலும்பு. என் சேட்டைக் கழற்றிக் கட்டினேன். காற்று வள்ளத்தைக் கரைப்பக்கம் தள்ளியது. கரையில் ஐனார் கோப்பிப் போத்தலை எறிந்துவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கி ஓடிவந்தார்.

ஆஸ்பத்திரியில் தைத்தார்கள். விரல் தப்பியது, ஆனால் இனி மடங்காது என்றார்கள். அவன் அந்த விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் என் கதவைத் தட்டினான். கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்திருந்தான். மற்றக் கையில் ஒரு எலாம் மணிக்கூடு. வேலைக்கென்று அவன் வாங்கியது.

"இந்தா, ஐந்து மணிக்கு வைச்சிருக்கிறன். நீ நித்திரையிலே கும்பகர்ணன், பிந்திப் போடாதை. நாளைக்கே ராசமலருக்குக் கடிதம் போடு."

"குருசு, நான்..."

"என்னடா முகத்தைத் தூக்கி வைச்சிருக்கிறாய்? பிழை என்னுடையது. நீ உடனே வெட்டினபடியால் விரலாவது மிஞ்சினது. மேரிகிறேசுக்கும் அப்பிடித்தான் எழுதப்போறன். எழுத ஏலாமல் கிடக்கு, நீதான் எழுதித் தரவேணும்."

கடதாசியை எடுத்தேன். அவன் சொல்லச் சொல்ல, 'தவராஜா உடனே வெட்டினான்' என்று என் கையாலேயே எழுதினேன்.

காலையில் ஐந்து மணிக்கு மணி அடித்தது. எழும்பிப் போனேன்.