பேனாவில் எழுதலாமா?

சுண்டுவுக்கு ஒன்பது வயது. அதற்குள் ஐந்து பள்ளிக்கூடம் பார்த்துவிட்டாள். அப்பன் கிரேன் ஓட்டுகிறவன். கட்டடம் எழும்பும் வரைக்கும்தான் கிரேனுக்கு வேலை, கிரேனுக்கு வேலை இருக்கும் வரைக்கும்தான் இவர்களுக்கு அந்த ஊர். கடைசி மாடிக்குக் கான்கிரீட் போட்ட மறுவாரம் கிரேனைப் பிரிப்பார்கள், அதற்கு மறுவாரம் இவர்கள் மூட்டை கட்டுவார்கள். அம்மா போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. அப்பன், மகள், இரண்டு பெட்டி, ஒரு ஸ்டவ். குடும்பம் அவ்வளவுதான்.

இதில் ஒரு கூத்து என்னவென்றால், செடியின் பாகங்களை மூன்று பள்ளிக்கூடத்தில் மூன்று தடவை படித்துவிட்டாள் சுண்டு. வேர், தண்டு, இலை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாள். பின்னம் மட்டும் ஒரு தடவைகூடப் படித்ததில்லை. ஒரு பள்ளியில் இவள் போய்ச் சேர்ந்ததற்கு முந்தின வாரமே அதை நடத்தி முடித்திருந்தார்கள். அடுத்த பள்ளியில் டீச்சர் அந்தப் பாடத்தைத் திறந்த அன்றைக்கு இவள் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாள்.

இன்னொன்றும் உண்டு. நோட்டில் ஒட்டும் லேபிளில் தன் பேரைப் பேனாவில் எழுதுவாள், பள்ளிக்கூடத்தின் பேரை மட்டும் பென்சிலில் எழுதுவாள். இரண்டாவது பள்ளியில் பழைய பேரை அடித்துவிட்டு மேலே புதுப்பேரை எழுதிக்கொண்டு போனதற்குப் பெஞ்சு முழுக்கச் சிரித்திருக்கிறது. அன்றைக்குப் பிடித்தது பென்சில். இவள் யாரிடமும் சொல்லவில்லை. அப்பன் கண்ணில் அது பட்டதே நாலாவது பள்ளியில்தான். பட்ட அன்றைக்கு அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இந்தத் தடவை வேலை முடிந்ததும் நேராக அப்பனின் அக்கா வீட்டுக்கு வந்தார்கள். அக்கா மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். பிள்ளைகுட்டி கிடையாது, வாய் உண்டு. தம்பி செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.

"டேய், நீ பிள்ளை வளர்க்கறியா, சாமான் ஏத்தி இறக்கறியா?"

"வந்ததும் வராததுமா ஏன்க்கா?"

"அடுத்த வேலை எங்கே?"

சுண்டு குளிக்கப் போன நேரம் பார்த்துச் சொன்னான். மலைக்கு அந்தப் பக்கம் மின்நிலையம் கட்டுகிறார்கள். இரண்டு வருஷ வேலை. தங்குவதற்குத் தகரப் பெட்டி அறைகள், அறைக்கு ஆறு ஆம்பளைகள். குடும்பத்தோடு வரக் கூடாது என்று உத்தரவிலேயே போட்டிருந்தது. வேண்டாம் என்றால் வேறு வேலை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

அக்கா சுண்டுவின் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தாள்.

"அவ இங்க இருக்கட்டும்," என்றாள். "ரெண்டு தெரு தள்ளி நல்ல பள்ளிக்கூடம் இருக்கு. அஞ்சாம் கிளாஸ்ல சேர பரீட்சை வைப்பாங்க. தேறலைன்னா ஒரு கிளாஸ் கீழ போட்டுருவாங்க. ஒரு மாசம் இருக்கு, உக்காந்து சொல்லிக்குடு. ஆனா ஒண்ணு. நீ விட்டுட்டுப் போறதை நீதான் அவகிட்ட சொல்லணும். நான் சொன்னேன்னா நான்தான் பிரிச்சேன்னு காலத்துக்கும் நினைப்பா."

"பரீட்சை முடியட்டும்க்கா. இப்ப சொன்னா படிக்க மாட்டா."

இதுதான் அவன் செய்த தப்பு. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஆனால் நல்ல எண்ணத்தில் செய்கிற தப்புக்குத்தான் மன்னிப்பே கிடைப்பதில்லை, என்ன செய்ய.

எட்டாவதோடு நின்றவன் பின்னம் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தான். புத்தகத்தில் இருந்த வட்டமும் கட்டமும் அப்பன் மண்டையிலும் ஏறவில்லை, மகள் மண்டையிலும் ஏறவில்லை. இரண்டாம் நாள் புத்தகத்தை மூடிவிட்டுத் தாளில் ஒரு கிரேன் வரைந்தான். நடுவில் கம்பம், மேலே பூம் என்கிற அந்த நீட்டுக்கை.

"இங்க பாரு. கம்பத்துக்குப் பக்கத்துல எட்டு டன் தூக்கும். பூம் நுனிக்குப் போனா ரெண்டே டன்தான் தூக்கும். எட்டுல ரெண்டு எவ்வளவு?"

விரல்விட்டு எண்ணினாள். "நாலு தடவை தூக்கினாத்தான் எட்டு வரும். அப்ப நாலுல ஒண்ணு."

"அதான் கால்! அதைத்தான் இந்தப் புத்தகம் இத்தனை பக்கத்துக்குச் சுத்திச் சுத்திச் சொல்லுது."

"ஏம்ப்பா நுனிக்குப் போனா தூக்க முடியல? அதே கிரேன்தானே?"

"தூரம் போகப் போக பாரம் ஜாஸ்திம்மா."

சொன்ன பிறகுதான் தன் காதிலேயே அது விழுந்தது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான்.

அதற்கப்புறம் வீடே கட்டுமான இடமாகிவிட்டது. அவன் மாடிப்படியில் நிற்பான், அவள் சமையலறையில் நிற்பாள். கையில் வாக்கிடாக்கி இருப்பதாக நினைப்பு.

"ஒன்பதுல மூணு, ஓவர்!"

"மூணுல ஒண்ணு, ஓவர்!"

"பன்னண்டுல ஒன்பது, ஓவர்!"

"முக்கால், ஓவர்!"

"ரெண்டு பேருமா சேந்து என் உயிரை வாங்குறீங்க, ஓவர்!" என்று அக்கா கத்துவாள். சுண்டு விழுந்து விழுந்து சிரிப்பாள். அவன் வாழ்க்கையில் அவ்வளவு நல்ல மாசம் வந்ததில்லை. ஒவ்வொரு கணக்கை அவள் சரியாகப் போடும்போதும் 'அடி சக்கை' என்று துள்ளுவான், அடுத்த நிமிஷமே காலண்டரைப் பார்ப்பான். தன் கையாலேயே மகளைத் தள்ளிவிடப் பாடம் நடத்திக்கொண்டிருந்தான். அது அவனுக்கும் தெரியும்.

பரீட்சை அன்றைக்குப் பள்ளி வராந்தாவில், சின்னப் பிள்ளைகள் உட்காரும் குட்டை பெஞ்சில், முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்திருந்தான். ஒரு மணி நேரம் கழித்து டீச்சர் விடைத்தாளோடு வெளியே வந்தார். பின்னாலேயே சுண்டு.

"மூணாவது கேள்விக்கு இவ என்னமோ வரைஞ்சிருக்காளே, என்ன இது?"

எட்டிப் பார்த்தான். கிரேன். கம்பம், பூம், கொக்கி, கொக்கியில் ஒரு பெட்டி. மேலே கூண்டுக்குள் தொப்பி போட்ட ஒரு ஆள்.

"அது எங்கப்பா," என்றாள் சுண்டு. "நுனியில கால், நடுவுல அரை. அப்படி வச்சுப் பாத்தா எல்லாமே வந்துடும் டீச்சர்."

டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். "எல்லாமே வந்துதான் இருக்கு. அஞ்சாம் கிளாஸ்லயே உக்காரட்டும். நாளைக்கு வந்து சேத்துடுங்க."

அன்று சாயங்காலம் எட்டு நோட்டுக்கு அட்டை போட்டார்கள். அவன் மடிக்க, அவள் ஒட்ட, லேபிள் எழுதும் வேலை வந்தது. தன் பேரை எழுதி முடித்ததும் வழக்கம்போலப் பேனாவை மூடிவிட்டுப் பென்சிலை எடுத்தாள்.

"பேனாவுலயே எழுதும்மா," என்றான்.

"பள்ளிக்கூடத்துப் பேரையுமா? பேனாவுல எழுதலாமா?"

"எழுதலாம்."

"நிஜமாவா? அப்ப நாம இனிமே எங்கயும் போக வேண்டாமா?"

சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? அதற்காகத்தானே ஒரு மாசமாகக் காத்திருந்தான்? வாயைத் திறந்தான். வந்தது வேறு.

"இந்தப் பள்ளிக்கூடத்தை விட்டு நீ போகவே வேண்டாம்டா."

பொய் இல்லை. அதுதான் இன்னும் அசிங்கம்.

நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு எட்டு லேபிளிலும் அழுத்தி அழுத்தி எழுதினாள். ஒவ்வொன்றையும் எழுதி முடித்து ஊதிக் காயவைத்தாள். வாசற்படியில் நின்ற அக்கா தம்பியை ஒரு பார்வை பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு மிச்சமிருந்த அட்டைத் தாளை மடித்து வைத்தான்.

மறுநாள் பள்ளி அலுவலகத்தில் மூன்று பேரும் நின்றார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த எழுத்தர் நல்ல மனுஷன். விண்ணப்பத்தை ஒவ்வொரு வரியாக, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி படித்துச் சரிபார்த்தார்.

"கார்டியன் அத்தை. அம்மா, நீங்க இங்க கையெழுத்துப் போடுங்க. தகப்பனார் வெளியூர்ல வேலை. ரெண்டு வருஷம்னு போட்டிருக்கு, சரியா சார்? எப்ப கிளம்பறீங்க?"

அவனுக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. சுண்டு அவன் ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அண்ணாந்து பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமை," என்றான் எழுத்தரிடம்.

அவள் அழவில்லை. விரலை மட்டும் விட்டாள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நோட்டுகளைக் கீழே பரப்பினாள். ரப்பரை எடுத்து முதல் லேபிளைத் தேய்க்க ஆரம்பித்தாள். பேனா மை அழியவில்லை. எச்சில் தொட்டுத் தேய்த்தாள். நீலமாக இழுகியது, பிறகு தாள் நைந்து ஓட்டை விழுந்தது. இரண்டாவதை எடுத்தாள்.

"சுண்டு, பேனா அழியாதும்மா."

"நீதானே எழுதச் சொன்னே!"

அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். தள்ளி உட்கார்ந்தாள். அதற்கப்புறம் கேட்டாள், மெதுவாகத்தான் கேட்டாள்.

"நான் பெயிலாயிருந்தா கூட்டிட்டுப் போயிருப்பியா?"

"அப்படி இல்லடா..."

"நீ ஏன் எனக்கு அவ்வளவு நல்லா சொல்லிக்குடுத்தே?"

அவன் உடைந்துவிட்டான். அறுபது மீட்டர் உயரத்தில் காற்றடிக்கும்போது கை நடுங்காத ஆள், தரையில் கால் மடக்கி உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். சுண்டுவும் அப்போதுதான் அழுதாள். ஆனால் அவன் மடிக்கு வரவில்லை, அத்தையின் புடவையில் போய் முகத்தைப் புதைத்தாள். கிழிந்த இரண்டு நோட்டுக்கும் அக்காவே புது லேபிளை ஒட்டினாள். மீதி லேபிள்களை ஜன்னல் மேடையில் வைத்தாள்.

அடுத்த மூன்று நாளும் சுண்டு அவனோடு பேசவில்லை. ஒரு தடவை மாடிப்படியில் நின்று, "எட்டுல நாலு, ஓவர்," என்று கூப்பிட்டுப் பார்த்தான். சமையலறையில் பாத்திரச் சத்தம் மட்டும் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினான். அக்கா தெருமுனை வரை வந்தாள். சுண்டு அறையை விட்டு வெளியே வரவில்லை. கதவில் காதை வைத்து, "போயிட்டு வரேன்டா கண்ணு," என்றான். வற்புறுத்த அவனுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

பஸ் ஊரைத் தாண்டியதும் பையைத் தூக்கி மடியில் வைத்தான். பையின் மேல்மூடியில் ஒரு லேபிள் ஒட்டியிருந்தது. நோட்டு லேபிள்தான். பெயர் என்ற இடத்தில் 'அப்பா' என்று பேனாவில் அழுத்தி எழுதியிருந்தது. வகுப்பு என்ற இடத்தில் 'கிரேன்'. பள்ளி என்ற இடத்தில் அவன் போகிற ஊரின் பெயர்.

அது மட்டும் பென்சிலில்.

பக்கத்து இருக்கைக்காரர் பயந்துபோய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டும் அளவுக்கு அழுதான்.

மின்நிலையம் கட்டும் இடத்தில் அவன் பேரைப் பதிந்துகொண்ட ஸ்டோர்காரன் தங்கமான ஆள். ஹெல்மெட், பெல்ட் எல்லாம் எடுத்துக் கொடுத்துவிட்டுப் பையைப் பார்த்தான்.

"என்ன அண்ணே, ஊர் பேர் தெரியவே இல்லையே. ரெண்டு நாள் வேர்வை பட்டா அழிஞ்சுடும். இருங்க," என்று காதில் செருகியிருந்த மார்க்கர் பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றிக்கொண்டு குனிந்தான்.

"தொடாதே!"

கத்தின கத்தலில் வெளியே கம்பி வளைத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஸ்டோர்காரன் விக்கித்துப்போனான். கத்தினவனுக்கே வெட்கமாகிவிட்டது.

"கோச்சுக்காதே தம்பி. அது பென்சில்லயே இருக்கட்டும். எம்பொண்ணு எழுதினது."

மேலிருந்து கூப்பிட்டார்கள். கூண்டுவரை கம்பத்துக்குள்ளேயே ஏணி. ஏறும்போது முதுகுப் பக்கம் கம்பியில் உரசும். அதனால் பையை முன்பக்கமாக மாட்டிக்கொண்டான். லேபிள் மேல் கைபடாமல், ஒவ்வொரு படியாக ஏறினான்.