இணைப்பில் இல்லாதவை

...அப்படியானால் வைஃபை பேரை மாற்றிவிட்டால் போதும், வேறொன்றும் செய்ய வேண்டாம், அந்தக் கண் தானாகக் குருடாகிவிடும். கனெக்‌ஷன்காரர் போனில் நல்லதற்குத்தான் சொன்னார், பாவம், அதுவே அவளுக்கு வழிகாட்டிவிட்டது. "பழைய வைஃபை பேரையும் பாஸ்வேர்டையும் அப்படியே புதுசுலயும் போட்டுடுங்க மேடம், வீட்ல இருக்கறதெல்லாம் தானா வந்து ஒட்டிக்கும், நீங்க ஒண்ணையும் தொட வேண்டாம்." போட்டால்தானே ஒட்டும்? போடாவிட்டால்? புது ரூட்டர் சாப்பாட்டு மேசையில் பாலிதீன் உறைகூடக் கழற்றாமல் கிடக்கிறது, பழையது சுவரோரம் தூசியோடு முக்கிக்கொண்டிருக்கிறது, இவள் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு மடிக்கணினி முன்னால் உட்கார்ந்து, பெற்ற தாயின் அறையிலிருக்கும் ஒரு கேமராவை எப்படிக் கொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறாள். தம்பி வைத்துவிட்டுப் போன கேமரா. அம்மாவுக்குப் பக்கவாதம் வந்ததும் வெளிநாட்டிலிருந்து ஓடிவந்தான், இருந்த நாளில் பாதி அதை அலமாரி மேல் மாட்டுவதிலேயே போயிற்று. "நான் அங்க இருந்தாலும் இங்க இருக்கற மாதிரிக்கா. நீ பேசினாக்கூட எனக்குக் கேக்கும்," என்றான். பேசினாக்கூடக் கேக்கும்... கேட்டதே, நன்றாகக் கேட்டதே.

முதலில் அதன் விளக்கு நீலமாகச் சும்மா எரிந்துகொண்டிருந்தது. பிறகு ஒருநாள் சிவப்பாகி மின்ன ஆரம்பித்தது. ஓஹோ, இப்போது பார்க்கிறான் போல என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள், யாரைக் கேட்பது, அம்மாவுக்கு வாய் போய்விட்டது. பகலெல்லாம் மின்னியது, விளக்கணைத்த பிறகும் மின்னியது, வேலைவெட்டி இல்லாமல் இதையே பார்த்துக்கொண்டிருக்கிறானா என்று ஒரு பக்கம் எரிச்சல், அம்மா மேல் அவ்வளவு பாசம் என்று ஒரு பக்கம் நிறைவு. அந்த அறைக்குள் போகும்போதெல்லாம் முடியை ஒதுக்கிக்கொண்டாள், கிழிந்த நைட்டியை மாற்றிக்கொண்டாள், அம்மாவைப் புரட்டிப் படுக்கவைக்கும்போது இடுப்பு சுளீரென்று பிடித்தாலும் முகம் சுளிக்கவில்லை, அழுகை வந்தால் சமையலறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள். ஐம்பது வயதில் ஒருத்திக்கு நாடகம் நடிக்கக் கற்றுக்கொடுத்தது அந்தப் பொட்டு வெளிச்சம். அன்றைக்கு மட்டும் சமையலறை வரை போக முடியவில்லை. ஊட்டியதை அம்மா துப்பியிருந்தாள், அப்போதுதான் மாற்றிய விரிப்பு மறுபடி நனைந்திருந்தது, இவள் கரண்டியும் கையுமாக அலமாரிக்கு எதிரிலேயே நின்று அந்தச் சிவப்புப் புள்ளியைப் பார்த்துப் பேசிவிட்டாள். போனில் ஒருநாளும் வாய்க்கு வராததெல்லாம் வந்துவிட்டது. "டேய் தம்பி, என்னால முடியலடா. நான் முழுசா தூங்கி எவ்வளவு காலமாச்சு தெரியுமா? கொஞ்ச நாள் வந்து இருடா. இல்லேன்னா அம்மாவ அங்க கூட்டிட்டுப் போ. எனக்கே என்னைப் பாத்தா பயமா இருக்குடா..."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் போன் வந்ததும் ஓடிப்போய் எடுத்தாள். என்ன பேசினான்? சோபா. சாம்பல் நிறமா பச்சையா என்று அவனுக்கும் பெண்டாட்டிக்கும் சண்டையாம், கடைசியில் இரண்டு பேருக்கும் பிடிக்காத நிறத்தில் வாங்கினார்களாம், சொல்லிச் சொல்லிச் சிரித்தான். "அம்மா எப்படிக்கா இருக்காங்க?" என்றும் கேட்டான், கண்ணெதிரே பார்த்துக்கொண்டிருப்பவன் கேட்கிற கேள்வியா அது? கல்நெஞ்சுக்காரன். செவிடன் காதில் ஊதிய சங்கு. "இருக்காங்க," என்றாள், அன்றிலிருந்து அவனுக்கு ஒற்றைச் சொல்லில்தான் பதில். ஆனால் அந்தக் கோபத்தைக் குறை சொல்லக் கூடாது, பெரிய துணையாக இருந்தது, காலையில் அதுதான் எழுப்பிவிட்டது, அம்மாவின் முதுகுக்குக் கீழே கையைக் கொடுத்துத் தூக்கும்போது அதுதான் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கியது. இன்றைக்கு அந்தக் கண்ணைப் பிடுங்கிவிட வேண்டும். பார்க்கட்டும், கறுப்புத் திரையைப் பார்க்கட்டும், அப்போதாவது அக்கா என்று ஒருத்தி இருக்கிறாள் என்று உறைக்கட்டும்.

எதற்கும் முதலில் பழைய ரூட்டருக்குள் போய் எதெது சேர்ந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளச் சொன்னாரே... அதன் அடிவயிற்றில் ஒட்டியிருந்த சீட்டில் எறும்பு மாதிரி எழுத்து, போனில் படம் பிடித்துப் பெரிதாக்கித்தான் படிக்க முடிந்தது, இந்த எண்ணை அடி, இந்தப் பேரைக் கொடு, இந்தப் பாஸ்வேர்டு. தவறு என்றது. மறுபடி தவறு என்றது. சொந்த வீட்டுக்குள் நுழைவதற்கு எவனிடமோ கெஞ்சுகிற மாதிரி. நாள் முழுக்க ஏதோ ஒரு கம்பெனியின் பேரில், முகம் தெரியாத வாடிக்கையாளர்களுக்கு, உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம், உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று தட்டச்சு செய்து பிழைக்கிறவள், அவளுடைய சிரமத்துக்கு வருந்த ஒரு இயந்திரம்கூட இல்லை. மூன்றாம் முறை நிதானமாக அடித்தாள், திறந்துகொண்டது. இணைப்பில் உள்ளவை என்று ஒரு தலைப்பு, அதன் கீழே அவள் போன், அவள் மடிக்கணினி, கூடத்து டிவி. அவ்வளவுதான். கேமரா எங்கே? மேலே கீழே தள்ளிப் பார்த்தாள். இன்னும் கீழே, சாம்பல் நிற எழுத்தில், இணைப்பில் இல்லாதவை. அதில் ஒரே ஒரு வரி, அந்தக் கேமராவின் பேர், பக்கத்தில் கடைசியாக இணைந்த தேதி. என்ன தேதி இது... போன வருஷத்துத் தேதி. அன்றைக்கு என்ன நடந்தது? பாஸ்வேர்டு! மேல்வீட்டுக்காரர் ஓசியில் உறிஞ்சுகிறார் என்று பாஸ்வேர்டை மாற்றினாளே, பெரிய சாமர்த்தியம் செய்துவிட்டதாகத் தன்னையே மெச்சிக்கொண்டாளே, புதுப் பாஸ்வேர்டைப் போனில் போட்டாள், மடிக்கணினியில் போட்டாள், டிவியில் போட்டாள்...

கனெக்‌ஷன்காரரையே கூப்பிட்டாள். "கேமராவா மேடம்? சிவப்பு மின்னுதா? அப்படின்னா அதுக்கு நெட் கிடைக்கல, தேடிட்டு இருக்கு. புது பாஸ்வேர்டு கொடுத்தீங்கன்னா நீலமாயிடும்."

"அப்போ... மின்னும்போது யாரும் பாக்க முடியாதா?"

"நெட்டே இல்லாம எப்படி மேடம் பாக்கறது?"

"பேசினாலும் கேக்காதா?"

"கேக்காது மேடம்," என்றவர், ஏதோ தோன்றியவர் போல, "ஏன் மேடம், ஏதாவது பிரச்சனையா?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டாள். ஒன்றுமில்லைதான். சங்கு ஊதிய இடத்தில் செவிடன்கூட இருக்கவில்லை. ஒரு சிவப்பு விளக்குக்கு முன்னால் முடியை ஒதுக்கிக்கொண்டிருக்கிறாள், ஒரு பிளாஸ்டிக் டப்பாவிடம் டேய் தம்பி என்று கதறியிருக்கிறாள். சரி, அவன்? படம் வரவில்லை என்று அவனுக்குத் தெரியாதா? ஒரு நாள் திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்குமே, படம் வரலியேக்கா, என்னாச்சு என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பானே. திறக்கவே இல்லையா? இல்லை, திறந்து பார்த்து, இருட்டாக இருந்ததைக் கண்டு, அப்பாடா என்று மூடிவிட்டானா? எது மேல்? எதுவும் மேலில்லை. இதற்கும் கோபம் வரத்தான் வேண்டும், வந்தால் பிடித்துக்கொள்ளலாம், தேடிப் பார்த்தாள், வரவில்லை. இத்தனை நாளாக அவளைத் தூக்கி நிறுத்திய கோபத்துக்குக் காலே இல்லை, ஏனென்றால் அவள் கதறியதை அவன் கேட்கவில்லை, கேட்டுவிட்டுச் சோபாவைப் பற்றிப் பேசவில்லை, அவனுக்குச் சோபா மட்டும்தான் தெரிந்திருந்தது.

உள்ளே அம்மா முனகினாள். போனாள். விரிப்பு நனைந்திருந்தது, வழக்கம்தான். கையைக் கொடுத்துப் புரட்டினாள், இடுப்பு பிடித்தது, முகத்தைச் சுளித்துக்கொண்டாள், சுளித்தால் என்ன, யார் பார்க்கிறார்கள்... அதில்கூட ஒரு சுகமும் இல்லை. அம்மா அவளையே பார்த்தாள், அந்தக் கண்ணுக்கு என்ன புரிந்ததோ. போனை எடுத்தாள், தம்பியின் பேர் வரை விரல் போயிற்று. இப்போது அங்கே அவன் விழித்திருப்பான், எடுப்பான், சொல்லுக்கா என்பான், அன்றைக்குச் சொன்ன அதே நாலு வரிதானே, ஏற்கெனவே ஒருதரம் வாயைவிட்டு வந்ததுதானே, ஏன் இப்போது வர மாட்டேன் என்கிறது? சொன்னால் இந்த முறை உண்மையாகவே கேட்டுவிடுவான். கேட்டுவிட்டு... அவன் மாட்டேன் என்று சொல்லிவிட்டான் என்று நினைத்து அதற்கும் பழகி இத்தனை நாளை ஓட்டிவிட்டாள், பார்க்கப்போனால் அவன் இன்னும் அதைச் சொல்லவே இல்லை, இவள் கேட்டால்தான் சொல்வான். ஈர விரிப்பை இடுக்கிக்கொண்டு அறை நடுவில் நின்றாள், போன் திரை மங்கிக்கொண்டு வந்தது, அணைந்துவிடாமல் கட்டைவிரலால் லேசாகத் தொட்டாள், மறுபடி மங்கியது, மறுபடி தொட்டாள்.