கலங்காத குழாய்

மைக்ரோஸ்கோப்பில் அண்ணன் மிதந்துகொண்டிருந்தான்.

அண்ணன் என்றால் அவன் தோல். வெல்டிங் பட்டறையில் காஸ் வெடித்து வலது கை வெந்துபோய், ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறான். அவன் தொடையிலிருந்து கிள்ளிய தோல், தங்கையின் ஆய்வகத்தில் இளஞ்சிவப்புத் திரவத்துக்குள் குளத்துப் பாசிபோல் படர்ந்திருந்தது. நாளை அதை உரித்தெடுத்து அவன் கைக்குப் போர்த்த வேண்டும்.

செல்களுக்கு நடுவே பொடிப் புள்ளிகள் மினுங்கின. வெயில் கற்றையில் தூசி ஆடுகிற மாதிரி. பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

"தூசியா, கிருமியா?"

பின்னால் குரல். கூட வேலை பார்ப்பவன். எதையும் நம்பாததால் அவனுக்கு 'சந்தேகம்' என்றே பெயர்.

"தூசிதான். திரவத்துல கொஞ்சம் எடுத்து, கிருமிக்கு இரை இருக்கற சோதனைக் குழாய்ல விட்டேன். கிருமின்னா கலங்கியிருக்கணுமே? பாரு, கண்ணாடி மாதிரி!"

"திரவத்துல ஆன்டிபயாடிக் கலந்தியா?"

அவள் திரும்பாமலே தலையாட்டினாள். அந்த ஆய்வகத்தில் மருந்து கலப்பது கூடாத காரியம்; கிருமியைக் கொல்லாமல் மறைத்துவிடும்.

"அண்ணன்டா. மனசு கேக்கல."

"போச்சு! அந்த மருந்தும் சேர்ந்துதானே குழாய்க்குள்ள போயிருக்கு? திருடனை மயக்கிப் போட்டுட்டு, வீட்ல சத்தமே இல்லைங்கறே!"

செல்களை மருந்து போகக் கழுவி, ஒரு துணுக்கைப் புதுக் குழாயில் இட்டாள். 'சந்தேகம்' அதே தோலின் ஓரத்தை மருந்தில்லாமல் ஒரு சின்னத் தட்டில் தனியே வளர்த்து வந்தான். அதிலிருந்தும் ஒரு துணுக்கு. இரண்டு குழாய்களும் வெதுவெதுப்பான பெட்டிக்குள் உறங்கப் போயின.

காலையில் திறந்தாள். அவள் குழாய்க்குள் மேகம் இறங்கியிருந்தது. அவன் குழாயில் வானம் தெளிவு.

போன் அடித்தது.

"என்ன தங்கச்சி, என் சட்டை தைச்சாச்சா?"

கலங்கிய குழாயைத் தாங்கியில் வைத்தாள்.

"அண்ணா... சட்டையை நானே கெடுத்துட்டேன். அதைப் போர்த்தினா கை அழுகிடும். கொட்டப் போறேன். இன்னொரு தட்டுல விரலுக்கு மட்டும் தேறும். அதையும் சில நாள் சோதிக்கணும். மீதி முதல்லேர்ந்து வளரணும்."



"வெல்டிங் டார்ச் பிடிக்கிற விரலுக்கா?"

"ம்."

"அப்போ அதை முதல்ல ஒட்டு. மீதிக் கை எங்க ஓடிடப் போகுது? ஆனா தாயே, இந்தத் தடவை பாசத்தைக் கலக்காதே!"

பெரிய தட்டில் பிளீச்சை ஊற்றினாள். இளஞ்சிவப்பு ஊதாவாகி, பிறகு நிறமே இல்லாமல் போனது. மைக்ரோஸ்கோப்பில் குனிந்தாள். புள்ளிகளின் ஆட்டம், விடிந்த வானத்து நட்சத்திரம்போல், ஒவ்வொன்றாய் அடங்கிக்கொண்டிருந்தது.